பனைநார் விளிம்பு

சூசைமரியான் குடும்பத்தில் ஒரு விதி உண்டு. செய்த வேலை பழுதாகித் திரும்பி வந்தால், செய்தவன் அதைத் தொடக் கூடாது. வீட்டில் இன்னொரு தச்சன்தான் சரிசெய்ய வேண்டும். பாட்டனார் வைத்த விதி. ஐம்பத்தெட்டு வயதுவரை சூசைமரியானுக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. "எங்க வீட்டு வேலை திரும்பி வந்ததா சரித்திரமே கிடையாது" என்று காரைக்குடி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த வருஷம் சேசுராஜ் வாத்தியார் ஒரு கித்தாரைக் கொண்டுவந்தார். ரங்கூனிலிருந்து வந்தது. அதன் ஓரத்தைச் சுற்றி ஒட்டியிருந்த வெள்ளைப் பட்டை கப்பல் ஈரத்தில் உரிந்து போயிருந்தது.

சூசைமரியான் கொல்லைப் பனையில் மட்டை வெட்டி, உள்ளே இருக்கும் அகணி நாரை உரித்தார். ஊறவைத்து, கண்ணாடிச் சில்லால் சுரண்டி, சூடான செப்புப் பானையில் வளைத்தார். தந்த நிறத்தில் வழவழவென்று வந்தது. ஒட்டுவதில்தான் தகராறு.

"வச்சிரப் பசை காய்ச்சட்டுமாண்ணே?" என்றான் கூடவே தச்சு வேலை பார்க்கும் தம்பி சவரிமுத்து.

"தோல்பசை மழைக்கு நெகிழும்டா. செட்டிநாட்டுச் சுவரெல்லாம் எதுல நிக்கிது? முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும்."

"அது சுவருண்ணே."

"எனக்கே பாடம் சொல்றியா?"

வீட்டுக் கோழி முட்டை எட்டு செலவானது. கித்தார் கண்ணாடிபோல் மின்னியது.

பத்தொன்பதாம் நாள் வாத்தியார் திரும்பி வந்தார். கித்தாரின் இடுப்பு வளைவில் நார் எழும்பி நின்றது.

"தப்பா நினைக்காதீகண்ணே. வாசிக்க வாசிக்கப் பொடி உதிருது. வெத்தலைக்குத் தனியாச் சுண்ணாம்பு வாங்கறதில்ல நான்." சிரித்தவர், சூசைமரியான் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "யாருட்டயும் சொல்லல. நீங்களே முடிச்சுக் குடுங்க."

தம்பி குன்றக்குடிக்கு வேலைக்குப் போயிருந்தான். சாயங்காலம்தான் வருவான். அதற்குள் ஒட்டிவிடலாம். சூசைமரியான் வச்சிரச் சட்டியை அடுப்பில் ஏற்றினார். உளியை எடுத்தார். தவறு எதில் என்று இப்போது தெரிந்தது. சுவர் அசையாமல் நிற்கக் கட்டியது. இந்தப் பெட்டியோ அதிர்வதற்கென்றே செய்தது.

மனைவி செபஸ்தியம்மாள் வாசற்படியில் நின்றாள். "தொடப் போறீகளா?"

"யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே."

உளி கையிலேயே இருந்தது. திடீரென்று அவருக்கு ஒன்று தோன்றியது. வேலை திரும்பியே வராத மனிதர் இப்படி ஒரு விதியை எதற்காக வைத்திருப்பார்? பாட்டனாருக்கும் ஒன்று வந்திருக்கிறது. அவர் அதை யார் கையிலோ கொடுத்திருக்கிறார். கொடுத்ததால்தான் விதி நின்றது. பெருமை பேசியது பின்னால் வந்த நாம்தான்.

அவர் உளியை வைத்துவிட்டுக் கித்தாரோடு தெருவில் போய் நின்றார். சவரிமுத்து வந்தபோது அக்கம்பக்கத்தார் நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் முன்னிலையிலேயே நீட்டினார்.

"திரும்பி வந்திருச்சு. வச்சிரம் காயுது. நீ பாரு."

சவரிமுத்து கித்தாரை வாங்கினான். விளிம்பை விரலால் தடவினான். "நாரு அருமையா இருக்குண்ணே. இதையே வச்சுக்கிருவோம்." உள்ளே போய்ச் சுண்ணாம்பைச் சுரண்டிப் பசை தடவினான். "இந்த மூலையக் கொஞ்சம் அமுக்கிப் பிடிங்க."

சூசைமரியான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஒம் மதினியக் கூப்பிடு."