அவளுடைய தாகம்

என் தாகத்தைக் கேட்டுத்தான் பிரமிளாவைப் பிழைக்க வைத்தார்கள் என்று ஆபரேஷன் தியேட்டர் உதவியாளர் மரியசெல்வம் சொன்னதை ஒன்பது வருடங்களாகச் சந்தேகித்து வந்திருக்கிறேன். முறையில் எனக்குச் சந்தேகமில்லை. சந்தேகம் என் மேல்தான்.

பிரமிளா என் மனைவி. பித்தப்பையை லேப்ராஸ்கோபியில் எடுத்தார்கள். வயிற்றில் துளை போட்டு வாயுவை நிரப்பும்போது சிலருக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிடும். சலைன் ஏற்றினால் சில உடம்புகள் தேறும். சில உடம்புகளில் அது நுரையீரலில் கோத்துக்கொள்ளும். வயிறு உப்பியிருக்கையில் மெஷின் காட்டும் எண்ணை நம்ப முடியாது. ஆகவே வெளியே உட்கார்ந்திருக்கும் கணவனைக் கேட்பார்கள். நோயாளியின் தாகம் அவன் தொண்டைக்கு வந்திருக்கும். அவன் கால்களை ஸ்டூலில் தூக்கி வைக்க வேண்டும். தாகம் குறைந்தால் சலைன் ஏற்றலாம். குறையாவிட்டால் ஏற்றக் கூடாது.

மரியசெல்வம் என் கால்களைத் தூக்கி வைத்தார்.

“கொறையுதா சார்?”

“நாக்கு வறண்டிருக்கு. பயத்துல கூட வறளும்லா?”

“அது உங்க தாகம். நான் கேக்கது அக்காவுக்குள்ளத.”

“ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு, செல்வம்.”

“கல்யாணமாகி இருபத்தாறு வருஷம்னு ஃபாரத்துல எழுதியிருக்கீங்க. இன்னுமா பிரிச்சுப் பாக்கத் தெரியல? உள்ள பிரஷர் அறுபதுக்கு வந்துட்டு.”

அவளுக்கு எப்போது தாகம் எடுக்கும் என்று யோசித்தேன். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். அவள் குடித்து நான் பார்த்த ஞாபகம் இல்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

“குறையுது” என்றேன்.

அவர் உள்ளே ஓடினார். நான் சொன்னது தவறென்றால் அவளை மூழ்கடித்தது நான்தான். கால்களை இறக்கவும் பயமாக இருந்தது. கால் மணி நேரம் கழித்து வந்து, “அக்கா உடம்பு சலைனை ஏத்துக்கிட்டு சார், பிரஷர் நிமிர்ந்துட்டு. எல்லாம் உங்க தொண்டை” என்றார்.

பிரமிளா வீட்டுக்கு வந்தாள். அன்றிலிருந்து அவள் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் என் தொண்டையைக் கவனிக்கிறேன். ஒன்றும் தெரிவதில்லை.

போன வாரம் அவளுக்குக் குடலிறக்கம் என்றார்கள். அதே மருத்துவமனை, அதே துளை முறை, வரும் வியாழக்கிழமை. ஃபாரம் வாங்கப் போனபோது, அன்று நான் சொன்னது பொய் என்று மரியசெல்வத்திடம் ஒப்புக்கொண்டேன்.

“தெரியும் சார். உங்க மூஞ்சியப் பாத்தா நம்பிக்கை வரல. லிஃப்ட் ஓட்டுத ஐயாத்துரை அண்ணன்ட்ட கேட்டுக்கிட்டேன். அக்காவை நாலு மாடி மேல கொண்டுவந்தது அவருல்லா? அவருக்கு நல்ல தாகம். காலைத் தூக்கினதும் சட்டுனு கொறைஞ்சுட்டு. உங்க மனசு கஷ்டப்படுமேன்னுதான் உங்க தொண்டைன்னு சொன்னேன்.”

ஃபாரத்தைப் பார்த்தேன். கணவர் கையெழுத்து என்ற இடம் காலியாக இருந்தது.

“வியாழக்கிழமை ஐயாத்துரை டூட்டிக்கு வருவாரா?” என்று கேட்டேன்.