இசை இல்லாத படம்

மேனேஜர் அறையில் நாற்காலி மூன்றுதான். ஒன்றில் மேனேஜர், ஒன்றில் போலீஸ்காரர், ஒன்றில் மோதிர கவுன்ட்டர் அக்கா. நகைக்கடைக் காவலாளியான நான் இரும்பு அலமாரியை ஒட்டி நின்றேன்.

முந்தின நாள் மதியம் சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஒருவன் அக்காவிடம் வைர மோதிரம் பார்த்துவிட்டு, எதுவும் வாங்காமல் போனான். இன்று காலை பார்த்தால் ட்ரேயில் இருந்தது கண்ணாடிக் கல். இப்போது கேமரா பதிவை ஓட்டுகிறார்கள்.

"உள்ளே இருக்கிற ஆள் கை கொடுக்காம இது நடக்காது" என்றார் போலீஸ்காரர். அக்காவைப் பார்த்துத்தான் சொன்னார்.

அவன் மோதிரத்தை மாற்றியதை நான் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். படிப்பைப் பாதியில் விட்டு ஒரு குடோனில் இரவுக் காவல் இருந்த காலத்தில், என் தூக்கத்தை விரட்டியவை இந்த மாதிரி சினிமாப் படங்கள்தான். நல்ல உடுப்பு, நிதானமான நடை, மூளையால் அடிக்கும் கொள்ளை. பறிகொடுப்பவன் எப்போதும் ஒரு அயோக்கியனாக இருப்பான், அதனால் பார்க்கிறவனுக்கு உறுத்தாது. வலது கை வித்தை காட்டினால் இடது கையைப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். பார்த்தேன். அவன் வலது கையால் ஒரு மோதிரத்தை விளக்குக்கு நேராகத் தூக்கினான். இடது கை ட்ரேயை ஒரு தடவு தடவிவிட்டுப் போனது.

கத்தியிருக்க வேண்டும். வாய் எழவில்லை. பயமில்லை, சந்தோஷம். இதையெல்லாம் நேரில் பார்க்கிறேனே என்ற சந்தோஷம். என் முகத்திலேயே அதைப் படித்திருப்பான். வெளியே போகும்போது கண்ணடித்தான். நான் நெற்றியில் இரண்டு விரல் வைத்து ஒரு சலாம் போட்டேன்.

எங்கள் கடையில் காவலாளி யாருக்கும் சலாம் போடக் கூடாது. இடது கை கதவைத் திறக்கும், வலது கை பெல்ட்டில் தொங்கும் தடியை விட்டு எழும்பக் கூடாது. மேனேஜர் போட்ட சட்டம். அந்தக் கை எழும்பியது திரையில் தெரிந்தால், உள்ளே இருக்கிற ஆள் நான்தான்.

சத்தமில்லாமல் பதிவு ஓடியது. கேமரா மேலே இருந்ததால் எல்லோரும் வெறும் தலையும் தோளுமாகத் தெரிந்தோம். அவன் மட்டும் அதிலும் மிடுக்காக இருந்தான்.

"நடையைப் பாருங்க சார். மாப்பிள்ளை முறுக்கு" என்றார் மேனேஜர்.

"எவ்வளவு முறுக்கினாலும் கடைசியில மாமியார் வீட்டுக்குத்தானே வரணும்."

இருவரும் சிரித்தார்கள். மோதிரம் மாறியதே அவர்களுக்குத் தெரியவில்லை. திரும்ப ஓட்டினார்கள். இந்த முறை போலீஸ்காரர் தொடையில் தட்டினார். "அடப்பாவி! இடது கைய்யா!"

"எங்கே, எங்கே? இருங்க, மறுபடி போடறேன்."

ஒவ்வொரு முறையும் கோட்டு கதவு வரை நடந்தது. ஒவ்வொரு முறையும் திரையின் கீழ் மூலையில் ஒரு தொப்பி, ஒரு முழங்கை, மேலே எழும்பும் ஒரு கை. அவர்கள் கண் கோட்டை விட்டு நகரவில்லை.

"என்ன தைரியம் சார்! கேட்டிருந்தா நானே எடுத்துக் கொடுத்திருப்பேன்" என்றார் மேனேஜர்.

போலீஸ்காரர் சிரித்து முடித்துவிட்டு அக்கா பக்கம் திரும்பினார். சிரிப்பு போய்விட்டது. "நீ ஏம்மா ரெண்டு ட்ரே வெளியே எடுத்தே? ஒண்ணுதானே எடுக்கணும்?"

"அவர் கேட்டார் சார். பெரிய கஸ்டமர் வந்தா முகம் கோணாம காட்டுன்னு மேனேஜர் சார்தான்..."

"என் தலையில போடாதே" என்றார் மேனேஜர்.

"சரி, மிச்சத்தை ஸ்டேஷன்ல வந்து சொல்லு. கெளம்பு."

என் மனதில் ஓடியது ஒன்றே ஒன்று. போகட்டும். இவள் சீக்கிரம் எழுந்து போகட்டும், இவர்கள் அந்தத் திரையை அணைக்கட்டும்.

அக்கா எழுந்திருக்கவில்லை, அழவும் இல்லை. அப்போதுதான் கவனித்தேன். இவ்வளவு நேரமும் அவள் மட்டும் கோட்டைப் பார்க்கவில்லை. கண் திரையின் கீழ் மூலையிலேயே இருந்தது. மெதுவாக என் பக்கம் திரும்பி என் வலது கையைப் பார்த்தாள். நான் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். கொண்டுபோயிருக்கக் கூடாது.

"சார், இன்னொரு தடவை போடுங்க" என்றாள்.

"எத்தனை தடவைம்மா?" என்றார் மேனேஜர். ஆனால் ஆசைதான் அவருக்கு. கை ஏற்கெனவே மவுஸுக்குப் போயிருந்தது.

"இந்தத் தடவை அவனைப் பாக்காதீங்க. கதவைப் பாருங்க."

போலீஸ்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். கோட்டு மறுபடி கடைக்குள் நுழைந்தது. அலமாரிக் கைப்பிடி என் முதுகில் குத்தியது. அதற்குமேல் பின்னால் நகர இடமில்லை.