செருப்புக்குக் காவல்

ஆறு நாள் தொடர்ந்து இரவு டூட்டி பார்த்துவிட்டுச் சனிக்கிழமை காலை வீடு திரும்பிய நர்ஸுக்குப் படுக்கையைத் தவிர வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. கதவைத் திறந்தால் மகள் நோட்டும் பேனாவுமாக நிற்கிறாள். பன்னிரண்டு வயது. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர்.

"மூணு மதம், மூணு இடம்மா. குடும்பத்தோட போய்ப் பார்த்து எழுதணும். திங்கக்கிழமை ஸ்கூல்ல குடுக்கணும்."

"எப்ப சொன்னாங்க?"

"போன வாரம்."

லிஃப்ட் மெக்கானிக்கான கணவன், "நீ தூங்கு, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

"குடும்பத்தோடன்னு போட்டிருக்குப்பா."

அதற்கு மேல் யார் தூங்குவது? முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள்.

முதலில் அடுத்த தெருப் பள்ளிவாசல். பெண்கள் பகுதியை ஒரு தையல்காரம்மா சுற்றிக் காட்டினார். வாலு கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். நர்ஸ் சுவரில் சாய்ந்து கம்பளத்தில் உட்கார்ந்தாள். அதுவரைதான் அவளுக்கு நினைவு. விழித்தபோது தலைக்கடியில் மடித்த சால்வை ஒன்று இருந்தது. ஒரு மணி நேரம் போயிருந்தது. பதறி எழுந்தவளைத் தையல்காரம்மா கையமர்த்தினார்.

"இருங்க, மெதுவா எழுந்திரிங்க. எங்க வீட்டுக்காரர் வாரா வாரம் இங்கே வந்து தூங்குறார், அவரையே யாரும் ஒண்ணும் சொல்லலை."

மறுநாள் சர்ச். "நீ சின்ன வயசுல போன சர்ச்சுக்கே போகலாமே" என்றாள் வாலு. கணவன் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தான். அங்கே அக்கா இருப்பாள். தாயில்லாத தங்கையைத் தூக்கி வளர்த்தவள் அவள். பதினான்கு வருஷத்துக்கு முன், தங்கை வேறு மதத்துக்காரனைக் கட்டிக்கொண்ட அன்று, "எனக்குத் தங்கச்சியே இல்லை" என்று தலைமுழுகியவளும் அவள்தான். நாற்பது நிமிஷ பஸ் தூரம். போகாமலிருக்க ஒவ்வொரு தடவையும் நர்ஸுக்கு ஒரு சாக்கு கிடைத்தது. இந்தத் தடவை சாக்குத் தேடக்கூடத் தெம்பில்லை.

"சரி, போகலாம்" என்றாள்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். நாலு வரிசைக்கு முன்னால் அக்கா. தலை பாதி நரைத்திருந்தது. பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது அவள் மட்டும் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். நர்ஸின் கண் அவள் காலுக்குப் போனது. கணுக்காலே தெரியாத வீக்கம்.

வழிபாடு முடிந்து திரும்பிய அக்கா அவர்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். நர்ஸ் எத்தனையோ வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை.

"கால் இப்படி வீங்கியிருக்கே, டாக்டர்கிட்ட காட்டினியா?"

"பார்த்ததும் பார்க்காததுமா என்னை நோயாளி ஆக்கிட்டியா?" என்றாள் அக்கா. குரலில் பழைய அதட்டல் இருந்தது, பழைய வலு இல்லை.

வாலு நடுவில் புகுந்தாள். "நீங்க பெரியம்மாதானே? அம்மா ஃபோன்ல உங்க போட்டோ பார்த்திருக்கேன்."

அக்கா வாலுவின் சட்டைக் காலர் மடங்கியிருந்ததை நிமிர்த்திவிட்டாள். "அடுத்து எங்கே?"

"கோயிலுக்கு. மார்க்கெட் பக்கத்துல, அப்பா போற கோயில்."

"என் வீடும் அந்தப் பக்கம்தான்" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள் அக்கா.

நாலு பேரும் ஒரே பஸ்ஸில் போனார்கள். கோயில் வாசலில் அக்கா நின்றாள்.

"நான் உள்ளே வரலை. செருப்பைப் பார்த்துக்கறேன்." பதினான்கு வருஷமாகத் தனக்கு 'அந்த ஆள்' ஆகவே இருந்தவனைப் பார்த்து, "நீங்க போயிட்டு வாங்க தம்பி" என்றாள்.

கணவன் ஒரு கணம் தடுமாறினான். "சரிங்க அக்கா" என்று செருப்பைக் கழற்றிவிட்டு மகளோடு உள்ளே போனான். தானும் கழற்றிவிட்டுப் பின்னாலேயே நடந்த நர்ஸ், கூட்டத்தைப் பார்த்ததும் திரும்பி வந்து அக்கா பக்கத்தில் கல்பெஞ்சில் உட்கார்ந்தாள். காலடியில் மூன்று ஜோடிச் செருப்பு.

"அத்தான் எப்படி இருக்கார்?"

"படுத்த படுக்கைதான். ரெண்டு வருஷமாச்சு. வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துடுச்சு. இப்ப பக்கத்து வீட்டம்மா பார்த்துக்கறாங்க, மத்தியானத்துக்குள்ள போகணும்."

"எனக்குச் சொல்லியிருக்கலாம்ல?"

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

உள்ளே மணி அடித்தது. நர்ஸுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. வார்டில் கேட்கிற கேள்விதான் வந்தது.

"படுக்கைப் புண் இருக்கா?"

"முதுகுல ரெண்டு. ஒண்ணு ஆழமா இருக்கு." அக்கா தன் கையை விரித்துப் பார்த்தாள். "ஒத்தை ஆளா புரட்ட முடியலைடி."

அந்த 'டி'யைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! நர்ஸ் அக்காவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அக்கா இழுத்துக்கொள்ளவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இருவருமே கண்ணை மூடிக்கொண்டார்கள்.

"புதன்கிழமை எனக்கு லீவு" என்றாள் நர்ஸ், கண்ணைத் திறக்காமலே. "காலையில வர்றேன். ரெண்டு பேருமாப் புரட்டலாம்."

"வேலை செஞ்சு நீயே துரும்பா இளைச்சுக் கிடக்கே."

"இருக்கட்டும். வர்றேன்."

அக்கா கண்ணைத் திறந்து தங்கையைப் பார்த்தாள். "சாப்பிடாம வா" என்றாள் பிறகு. "அங்கே சாப்பிட்டுக்கலாம்."