ஆசினெல்லி கோபுரத்தின் அடியில்

கேட்டுவிடக் கூடாது. இத்தாலியின் பொலோனியாவில் தேவாலயங்கள் இருக்கின்றன, சதுக்கங்கள் இருக்கின்றன, தெருத் தெருவாக வளைவு மண்டபங்கள் நிழல் விரித்துக் கிடக்கின்றன. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு மாலை ரயிலைப் பிடித்துவிடலாம். கோபுரத்தைப் பற்றி மட்டும் எட்சியோ கேட்டுவிடக் கூடாது.

இப்படி நினைத்துக்கொண்டே நீவெஸ் கணவன் எட்சியோவின் பின்னால் நடந்தாள். விடுமுறைக்காக உதினேயிலிருந்து வந்திருந்தார்கள். அவனுடைய அக்கா புரூனாவும் கூட வந்திருந்தாள். காலையில் ஃபெராராவில் கோட்டையைப் பார்த்தாயிற்று. அகழித் தண்ணீரை எட்டிப் பார்த்து, "எந்தம்பி பாத்திரம் கழுவுன தொட்டி மாதிரியே இருக்கு" என்றாள் புரூனா. நீவெஸ் சிரித்தாள். பொலோனியா வந்ததும் அந்தச் சிரிப்பு எங்கோ போய்விட்டது.

இந்த ஊரில்தான் அவள் தாவரவியல் படித்தாள். ஆய்வுரை மட்டும் பாக்கி இருந்தபோது மகன் பிறந்தான். குழந்தை நடக்க ஆரம்பித்ததும் எழுதலாம் என்று உதினேக்குப் போனாள். இப்போது மகனுக்கே குழந்தை பிறந்துவிட்டது.

பட்டம் வாங்குமுன் ஆசினெல்லி கோபுரத்தில் ஏறிய மாணவருக்குப் பட்டமே கிடைக்காது என்று இங்கே சொல்வார்கள். அவள் அதை நம்பியதில்லை. தோழிகளோடு சேர்ந்து கேலியும் செய்திருக்கிறாள். ஆனால் ஏறவில்லை. பரணில் கிடக்கும் செடிப் பெட்டிகளைத் தவிர, படிப்பில் அவள் இன்னும் விடாமல் வைத்திருந்தது இந்த ஏறாமை ஒன்றுதான். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள் என்பதைவிட, சொன்னதும் தனக்கே சிரிப்பு வந்துவிடுமோ என்று பயம்.

சாப்பாடு முடிந்து வந்தபோது எட்சியோ கோபுரத்தின் அடியில் நின்றுவிட்டான். சட்டைப் பையிலிருந்து மூன்று டிக்கெட்டுகளை எடுத்தான். முகத்தில் பரிசு கொடுப்பவனின் கூச்சம்.

"உனக்காகத்தான் வாங்கினேன். இங்கயே இருந்தும் மேலேர்ந்து ஊரப் பாக்கலன்னு சொல்லுவியே."

"படிக்கிறவங்க ஏறக் கூடாதுன்னு சொல்லுவாங்க."

"இப்ப நீ என்னடி படிக்கிற?" என்றாள் புரூனா. "பேரனுக்குப் பால் புட்டி கழுவுறதுக்குப் பட்டம் குடுத்தா உனக்குத்தான் மொதல்ல குடுப்பாங்க."

எட்சியோ சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அது முடிஞ்சுபோச்சு, நீவெஸ். ஒரு தடவ ஏறி இறங்கிடு, மனசும் லேசாயிடும். வீட்டுக்குப் போனதும் பரண்ல இருக்கிற அந்த எலப் பெட்டிங்களையும் தூக்கிப் போட்டுடலாம். பாவம், நீயும் எத்தன வருஷந்தான் தூசி தட்டுவ?"

அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். இவ்வளவு கனிவோடு ஒருவன் கதவைச் சாத்தும்போது, கையை நடுவில் வைப்பது அவனை அவமதிப்பதுபோல் இருக்கிறது. அந்தப் பெட்டிகளில் பழைய தாளுக்கு நடுவே அவள் ஒட்டி வைத்த மலைச்செடிகள் இருந்தன. ஒவ்வொன்றின் பெயரும் அவளுக்கு இன்னும் தெரியும். அது முடிந்துபோனதா என்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. இப்போது கேட்டுப் பார்த்தாள்.

வரிசை நகர்ந்தது. புரூனா முன்னால் போய்விட்டாள். எட்சியோ டிக்கெட்டை நீட்டினான்.

"நான் ஏறல" என்றாள்.

"கால் வலிக்குதா?"

ஆமாம் என்று சொன்னால் போதும். அவளுக்காகத்தான் அவன் அந்தக் காரணத்தை எடுத்துக் கொடுத்தான்.

"இல்ல, கால் நல்லாத்தான் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."