அகாலியின் கட்டைவிரல்

பிகாவின் முகத்துணி வாரத்துக்கு வாரம் மேலே ஏறிக்கொண்டிருந்ததை முதலில் கவனித்தவள் நான்தான். முதல் நாள் எங்கள் முற்றத்தில் கால் வைத்தபோது தலைப்பாகையின் முனை அவன் கழுத்தில் தளர்ந்து கிடந்தது. சத்தமாகச் சிரித்தான், தேநீரை உறிஞ்சினான், வாய் ஓயாமல் பேசினான். பிறகு துணி மோவாய்க்கு வந்தது. பிறகு உதட்டுக்கு. குளிர் விடுகிற சமயத்தில் மூக்கும் மறைந்து, கண்கள் மட்டும் மிச்சம் இருந்தன. அந்தக் கண்களும் பாயைத்தான் பார்த்தன.

என் கணவர் அகாலி இதையெல்லாம் பார்க்கிற நிலையில் இல்லை. அவர் கவனம் முழுக்கத் தன் வலது கைக் கட்டைவிரல்மேல் இருந்தது.

லாரி ஓட்டியவர் அவர். சஹாராவில் எங்கள் ஊரான தமன்ராசெத்திலிருந்து எல்லைவரை மாவும் சிமெண்டும் ஏற்றிப் போய், முதுகு இனி முடியாது என்றதும் வண்டியை விற்றார். மறுநாள் சந்தைக்குப் போனவர் ஆட்டிறைச்சியோடு வருவார் என்று அடுப்பை மூட்டிக் காத்திருந்தேன். ஒரு பழைய கிதாரோடு வந்தார். கழுத்தில் விரிசல், ஒட்டுப்போட்ட அடிப்பலகை.

"இது யாருக்கு?" என்றேன்.

"எனக்குத்தான்."

"அறுபது வயசுல ஜபமாலை வாங்குவாங்க, அகாலி."

"அது இருக்கு. இது இல்ல."

எங்கள் ஊரில் கிதார் இளவட்டங்களின் சாமான். கல்யாண வீடுகளில் ஒலிபெருக்கியோடு இணைத்து விடிய விடிய வாசிப்பார்கள். பெண்கள் குலவையிடுவோம். அகாலியின் வயதுக்காரர்கள் பின்னால் உட்கார்ந்து தலையை ஆட்டுவதோடு சரி. அடுத்த வீட்டுத் தெக்ஃபா, "உன் புருஷன் வாசிக்கிறாரா, ஆட்டுக்கு லாடம் அடிக்கிறாரா?" என்று சுவருக்கு மேலே தலையை நீட்டிக் கேட்பாள். "ஆட்டுக்கு லாடம் கிடையாது, தெக்ஃபா" என்பேன். "அதத்தான் கேக்கறேன்" என்பாள்.

எனக்கும் முதலில் சிரிப்புத்தான். ஆனால் சிரிப்பதற்கும் ஓர் அளவு உண்டு. விரல்நுனித் தோல் பிளந்து ரத்தம் வந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு வாசித்தார். மோதிரவிரல் எப்போதோ வண்டிக் கதவில் நசுங்கி மடங்காமல் போனது. அதை விட்டுவிட்டு மற்ற மூன்றை வைத்துச் சமாளிக்கப் பழகினார். ஒன்றும் சரியாக வராத நாளில்கூட கிதாரைத் துடைத்து, போர்வையில் சுற்றி, நல்லபடியாகவே மாட்டிவைத்தார். அந்த மனிதர் தனக்கு வராத ஒரு காரியத்தை இவ்வளவு சந்தோஷமாகச் செய்து நான் பார்த்ததில்லை.

பிகாதான் வாத்தியார். வெல்டிங் பட்டறையில் வேலை, வெள்ளிக்கிழமைகளில் ஓய்வு. நகரத்தில் அவன் வாசிக்காத கல்யாணம் குறைவு. ஆரம்பத்தில் அவன் பாடம் நடத்துவதைக் கேட்கவே நான் மாவு பிசைகிற வேலையை முற்றத்துக்குக் கொண்டுவந்துவிடுவேன்.

"பெரியவரே, மேல் கம்பிக்கு விரல் போனதும் கட்டைவிரல் ஏன் தூங்குது?"

"எங்க தூங்குது?"

"குறட்டை கேக்குது எனக்கு. கனத்த கம்பிய அது தட்டிக்கிட்டே இருக்கணும். பாட்டு நின்னாலும் அது நிக்கக் கூடாது. ஒட்டகம் நடக்கிற மாதிரி. மேல உக்காந்திருக்கிறவன் பாடட்டும், சண்ட போடட்டும், ஒட்டகத்துக்கு என்ன?"

"நான் லாரிக்காரன்டா."

"அப்ப எஞ்சின்னு வச்சுக்குங்க. கியர் மாத்தும்போதெல்லாம் எஞ்சின அணைச்சுருவீங்களா?"

அகாலி வயிறு குலுங்கச் சிரித்தார். அன்றிலிருந்து சாப்பிடும்போதும் தொடையில் கட்டைவிரல் தட்டிக்கொண்டே இருந்தது. தூக்கத்தில் என் தோளில் தட்டினார். ஆனால் கிதாரை எடுத்து மற்ற விரல்கள் மெட்டைத் தொட்டதும், கட்டைவிரல் மறந்து நின்றுவிடும். அந்த ஒன்று மட்டும் வரவில்லை.

இந்தச் சமயத்தில்தான் பிகாவின் மாமன் ஹாமூ வந்தார். மூன்று சுற்றுத் தேநீரும் குடித்து முடித்து, ஒட்டகங்களின் நலம், மழையின் நலம் எல்லாம் விசாரித்த பிறகு, எங்கள் மகள் தாஸீனைப் பிகாவுக்குக் கேட்டார். எனக்கு மனசு நிறைந்துபோனது. தாஸீனுக்கு அவன்மேல் விருப்பம் என்பது அவள் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கண்ணுக்கு மை தீட்டுவதிலேயே தெரிந்த விஷயம்.

அகாலி காதைச் சொறிந்தார். "ஹாமூ, காத்து இரைச்சல் இன்னிக்கு. நீங்க சொன்னது எதுவும் என் காதுல விழல. பேரீச்சை அறுப்பு முடியட்டும், பாக்கலாம்."

காற்றே இல்லாத நாள் அது.

ஹாமூ மரியாதையாகப் போய்விட்டார். எனக்கு விளங்கவில்லை. நல்ல பையன், நல்ல குடும்பம். பிறகுதான் பிகாவின் முகத்துணி ஏறுவதைக் கவனித்தேன்; எல்லாம் விளங்கிவிட்டது.

மாமனார் ஆகப்போகிறவர் எதிரில் எங்கள் பையன்கள் வாயைக் காட்ட மாட்டார்கள். சாப்பிட மாட்டார்கள், நேரே பார்க்க மாட்டார்கள். அவர் செய்தது தப்பு என்று சொல்வதற்குப் பதில் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். சம்மதம் சொன்ன அந்த நிமிஷத்தில் அகாலிக்கு மருமகன் கிடைப்பான்; வாத்தியார் போய்விடுவான். அதனால்தான் காற்று இரைந்திருக்கிறது.

தாஸீனும் கண்டுபிடித்துவிட்டாள். ஒரு நாள் அவள் துணி உலர்த்திக்கொண்டே சொன்னாள்: "அம்மா, அப்பாவோட கட்டைவிரல் எந்திரிக்கிறதுக்குள்ள எனக்குத் தல நரைச்சிரும்." விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது குரல் விளையாட்டாக இல்லை. "அவங்க வீட்டுல வேற இடம் பாக்கச் சொல்றாங்களாம். ஒரு வருஷமா பதில் வரலைன்னா அது பதில்தானேன்னு."

அன்று நான் அகாலியிடம் போய் உட்கார்ந்தேன்.

"பேரீச்சை அறுத்தாச்சு. இப்பவாவது காது கேக்குதா?"

அவர் கிதாரின் உடம்பைத் தடவினார். "இன்னும் கொஞ்ச நாள். அந்த ஒன்னு மட்டும் வந்துட்டா போதும்."

"அவ காத்திருக்கா, அகாலி."

"நானும்தான் காத்திருந்தேன். வண்டி ஓட்டுன வருஷமெல்லாம் பாட்டுக் கேட்டுட்டே போவேன். இத எப்படி வாசிக்கிறாங்கன்னு நெனைப்பேன். நிறுத்திக் கத்துக்க நேரம் இருந்ததில்ல." கிதாரை மடிக்கு இழுத்துக்கொண்டார். "வேற யாரு இருக்கா சொல்லு. மத்த பசங்க என்னப் பாத்துச் சிரிப்பாங்க. இவன் சொல்லிக்குடுத்தான்."

கோபத்தோடு போனவள், கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் எழுந்து வந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை பிகா வந்தான். கண்ணிமைவரை துணி. தேநீர்க் கோப்பையை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டான், குடிக்கவில்லை. அகாலி வாசித்தார். கட்டைவிரல் வழக்கம்போல நின்றது.

"எப்படி?"

"நல்லா இருக்கு," என்றான் பாயிடம்.

"கட்டைவிரல்?"

"நல்லா இருக்கு."

அகாலி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இடது கையைக் கம்பிகளிலிருந்து எடுத்துவிட்டு, வலது கையால் எல்லாக் கம்பிகளையும் சேர்த்து, பானையைத் தேய்ப்பதுபோல், மேலும் கீழும் பிறாண்டினார். கொட்டிலில் ஆடுகள் எழுந்து நின்றன. சுவருக்கு மேலே தெக்ஃபாவின் தலை வந்தது.

"இது?"

பிகா பாயின் ஓரத்தை இறுகப் பிடித்தான். கண்ணை மூடிக்கொண்டான். அந்தப் பையன் பட்ட வேதனையை நான் மறக்க மாட்டேன்.

"நல்லா... இருக்கு."

அகாலி கிதாரை மெதுவாகப் பாயில் படுக்கவைத்தார். கோபம் இல்லை முகத்தில். நெடுந்தூரம் தள்ளிக்கொண்டு வந்த வண்டி இனிக் கிளம்பாது என்று தெரிந்துகொண்ட டிரைவரின் முகம். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஹாமூவுக்கு ஆள் அனுப்பு. காத்து நின்னுடுச்சுன்னு சொல்லு."

கல்யாணம் நன்றாக நடந்தது. பிகாவின் நண்பர்கள் வாசித்தார்கள். அகாலி நல்ல நீலத் தலைப்பாகை கட்டிப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் குலவையிட்டுக்கொண்டே அவர் கையைப் பார்த்தேன். முழங்காலில் கட்டைவிரல் சரியாகத் தட்டிக்கொண்டிருந்தது. கையில் ஒன்றும் இல்லாதபோது அது சரியாகவே தட்டும்.

எங்கள் வழக்கத்தில் முதல் வருஷம் மாப்பிள்ளை இருப்பது பெண்வீட்டுப் பக்கத்தில்தானே. எங்கள் முற்றத்தைக் குறுக்குச் சுவர் வைத்துப் பிரித்து, அந்தப் பக்கத்து அறையை அவர்களுக்குக் கொடுத்தோம். மாமனாரும் மருமகனும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் போகவர இருந்ததைப் பார்த்தால், ஒரே வளவில் இரண்டு பூனைகளை வளர்ப்பதுபோல் இருந்தது. இவர் இருமினால் அவன் பின்வாசலால் போவான்.

அகாலி விடவில்லை. அதைத்தான் சொல்ல வேண்டும். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை, பாராட்ட ஆள் இல்லை, கூடச் சிரிக்கக்கூட ஆள் இல்லை. பிற்பகல் அசர் தொழுகை முடிந்ததும் சுவர் நிழலில் உட்காருவார். அதே மெட்டு, அதே இடம், அதே நிறுத்தம். ஒரு நாள்கூடச் சலித்துக்கொள்ளவில்லை. இவரையா நான் இத்தனை வருஷம் பொறுமை இல்லாதவர் என்று திட்டிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

நேற்று அவர் வாசித்துக்கொண்டிருந்தார். நான் இரண்டாம் சுற்றுத் தேநீருக்குச் சர்க்கரைக் கட்டியை உடைத்துக்கொண்டிருந்தேன். விரல்கள் மேலே போயின, கட்டைவிரல் நின்றது. ஆனால் கனத்த கம்பியின் தட்டு நிற்கவில்லை.

அது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

அகாலி நிறுத்தினார். அந்தப் பக்கமும் நின்றது. முற்றத்தில் ஆடு அசைபோடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் மறுபடி ஆரம்பித்தார். விரல் மேலே போனதும், தவறவிட்ட இடத்தை அந்தப் பக்கம் எடுத்துக்கொண்டது. அவர் திரும்ப வந்து சேரும்வரை தட்டிக்கொண்டே இருந்தது. வந்து சேர்ந்ததும் ஒதுங்கிக்கொண்டது. பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரே கம்பி.

நான் சத்தமில்லாமல் எழுந்து சுவர் ஓட்டை வழியே பார்த்தேன். பிகா மடியில் கிதாரோடு இந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான், முகத்துணி கண்ணிமைவரை, தலை குனிந்து, பெரியவர்கள் நிறைந்த சபையில் இருப்பவன்போல. பக்கத்தில் தாஸீன் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என் கண்ணைப் பார்த்துவிட்டு உதட்டில் விரலை வைத்தாள்.

இந்தப் பக்கம் திரும்பினேன். கழுத்தில் தளர்ந்து கிடந்த தலைப்பாகை முனையை அகாலி எடுத்து, மூக்குக்கு மேலே இழுத்துச் செருகிக்கொண்டார். வெறும் சுவருக்கு எதிரில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். பிறகு, முதல் பாடத்துக்கு வந்தவர்போல, கனத்த கம்பியில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.