கல்நெஞ்சக்காரியின் கண்மருந்து

"உள்ள இன்னொரு கேஸ் முடியல, கொஞ்ச நேரம் ஆகும்" என்று சொல்லிவிட்டு, ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு வெளியே ஸ்ட்ரெச்சரின் சக்கரத்துக்குப் பிரேக்கைப் போட்டுவிட்டுப் போனார் ஊழியர். அவர் நிறுத்திய இடம் ஏசி காற்று வந்து விழும் துவாரத்துக்கு நேர்கீழே. வேறு யாராக இருந்தாலும் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு பேசாமல் படுத்திருப்பார்கள். அவளுக்கு அந்தக் காற்றுதான் எமன். கண்ணுக்குள் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரிய ஆரம்பித்தது. மூடினாலும் எரிந்தது, திறந்தாலும் எரிந்தது.

எரிச்சலைப் பொறுத்துக்கொள்வது அவளுக்குப் பழகிப்போன விஷயம். பொறுக்க முடியாமல் இருந்தது பயம். பித்தப்பையில் கல் என்று ஸ்கேனில் பார்த்துச் சொன்ன நாளிலிருந்து அது அடிவயிற்றில் உட்கார்ந்திருந்தது. இப்போது எழுந்து கைகால் முழுக்கப் பரவி, பல் கிட்டிக்கொள்ள வைத்திருந்தது. இதை இன்னும் ஒருத்தரிடமும் அவள் சொல்லவில்லை. சொல்லாமலே அந்தக் கதவுக்குள் போய்விடக் கூடாது, ஒருவேளை திரும்பி வராமல் போய்விட்டால் தான் பயந்தது உலகத்தில் ஒருவருக்குக்கூடத் தெரியாமல் போய்விடுமே என்று தவித்தாள். சொல்வதற்கு மிச்சமிருந்த ஒரே ஆள், தலைமாட்டில் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்ற நாத்தனார். போயும் போயும் இவரா என்றிருந்தது.

இந்த மாடிக்கு ஒருவர்தான் கூட வரலாம் என்று சொல்லிவிட்டார்கள். கணவர் வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் ஊசியைப் பார்த்தாலே நாற்காலி தேடும் மனிதர். லிஃப்ட் வாசலிலேயே உதடு கோணி, மூக்கு சிவந்து, பார்க்கச் சகிக்கவில்லை. "நீ தைரியமா இரு, நீ தைரியமா இரு" என்று அவர் சொன்னதெல்லாம் யாருக்கு என்று அவளுக்கே குழப்பம். மகள் அப்பாவைப் பிடித்து உட்கார வைக்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் கணவரின் அக்கா முன்னால் வந்து, "நான் போறேன். இவளுக்கு என்ன, இரும்பு" என்றார்.

இரும்பு என்பது பின்னால் வந்த பெயர். முதலில் வைத்தது கல்நெஞ்சக்காரி. மாமியார் இறந்த அன்று வீடே அழுது ஓய்ந்துகொண்டிருந்தது. அவள் மட்டும் காய்ந்த கண்ணோடு வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாள். அழுகை வந்தது. நெஞ்சு வலித்தது, முகமெல்லாம் இழுத்துக்கொண்டது. கண்ணில் மட்டும் ஒன்றும் இல்லை. நாத்தனார் கூட்டத்தின் நடுவே சொன்னார்: "பெத்த மகளா பாத்துக்கிட்டாங்களே எங்கம்மா, ஒரு சொட்டுத் தண்ணி வருதா பாரு. கல்நெஞ்சக்காரி." அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நிஜமாகவே தனக்கு நெஞ்சு கல்தானோ என்று பல ராத்திரி யோசித்திருக்கிறாள்.

கண் டாக்டர்தான் முதலில் கண்டுபிடித்தார். இமைக்குள் மெல்லிய தாள் துண்டைச் சொருகி, நனைகிறதா என்று பார்த்தார். எடுத்தபோது அவளும் கணவரும் நடத்தும் ஜெராக்ஸ் கடையில் புதுக்கட்டைப் பிரித்து எடுத்த தாள் மாதிரி மொடமொடவென்று இருந்தது. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பைத் தாக்குகிறது, கண்ணீர்ச் சுரப்பியையும் எச்சில் சுரப்பியையும் தின்றுகொண்டிருக்கிறது, மூட்டுக்கும் வரும், ஆயுசுக்கும் மாத்திரை என்றார்கள். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய் முறையிடுவது? அன்றிலிருந்து கண்ணுக்கு மருந்துக் குப்பி, வாய்க்குத் தண்ணீர் பாட்டில் என்று இரண்டையும் கைக்குழந்தை மாதிரி சுமந்தாள். விவரம் தெரிந்த பிறகு நாத்தனார் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. கல்லை இரும்பாக மாற்றினார், அவ்வளவுதான். பித்தப்பைக் கல் என்று தெரிந்ததும், "நெஞ்சுல இருந்தது கீழ இறங்கிடுச்சு போல" என்று சிரித்ததும் அவரேதான். அவளும் சிரித்துவைத்தாள்.

இரும்பு என்று பெயர் வாங்கிவிட்டால் அதைக் காப்பாற்றியாக வேண்டும். நேற்று சாயந்திரம் வார்டில் மகள் பக்கத்தில் படுத்துக்கொண்டு, "உனக்குப் பயமா இல்லையாம்மா?" என்று கேட்டாள். வாய்வரை வந்தது. பிள்ளையின் கை தன் விரலை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று பார்த்ததும், "என்ன பயம், தூங்கி எழுந்திரிக்கிற வேலைதானே" என்று சொல்லிவிட்டாள். கணவர் தன் பங்குக்குத் தேற்றினார். "மெஷின்ல பேப்பர் சிக்கினா என்ன பண்ணுவோம்? மூடியத் திறந்து உருவிட்டு மூடுறோம். ஓடலையா? அது மாதிரிதான்." கடையில் மூடியைத் திறந்து, சூடான உருளைக்கு நடுவே விரலை விட்டு, கிழியாமல் உருவுவது எப்போதும் அவள்தான். உருவிய பிறகும் சில நாள் அது ஓடாது என்பதையும் மெக்கானிக் வரும்வரை அப்படியே கிடக்கும் என்பதையும் அவர் மறந்துவிட்டார். அவள் ராத்திரி முழுக்க அதை மறக்கவில்லை.

டாக்டர்களும் லேசில் விடவில்லை. நோய்க்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா, மாத்திரையை நிறுத்தாதீங்க, நிறுத்தினா நோய் தலைதூக்கும் என்றார். ஆபரேஷன் செய்கிறவர், அந்த மாத்திரையோட கத்தி வெச்சா புண்ணு ஆற லேட்டாகும், சீழ் பிடிக்கலாம் என்றார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கடைசியில் அவர்களுக்குள் போனில் பேசி ஒரு வழிக்கு வந்தார்கள். மயக்க மருந்து டாக்டர் மட்டும் நேரே முகத்தைப் பார்த்துப் பேசினார். "நாலு சின்ன ஓட்டை, அவ்வளவுதான். உங்க கேஸ்ல கொஞ்சம் ஜாக்கிரதையா செய்யணும். நுரையீரல்லயும் நோய் லேசா இருக்கு பாருங்க. மயக்கத்துல கண்ணு காஞ்சா கருவிழில கீறல் விழும், உள்ள நாங்க களிம்பு போட்டு மூடி ஒட்டிடுவோம். அதுவரைக்கும் சொட்டு விட்டுக்கங்க." நல்ல மனிதர். ஆனால் அந்த 'கொஞ்சம்', அந்த 'லேசா' இரண்டும் அவளைத் தூங்க விடவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ கருவி விட்டு விட்டு ஒலித்தது. ஒரு முறை இடைவெளி நீண்டதுபோல் தோன்ற, அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி ஒலித்தது. காலையிலிருந்து தண்ணீர் கூடாது என்று நிறுத்தியிருந்தார்கள். நாக்கு மேலண்ணத்தில் பசை வைத்ததுபோல் ஒட்டிக்கிடந்தது. மூச்சுக்குழாயைத் தொண்டை வழியாக விடுவார்களாம். இந்தக் காய்ந்த தொண்டையில் அது எப்படி இறங்கும்? எடுத்த பிறகு தானாக மூச்சு வருமா? வராவிட்டால் தனக்குத் தெரியுமா?

நாத்தனார் பேசிக்கொண்டே இருந்தார். கேன்டீனில் காபி தண்ணியாக இருக்கிறதாம். லிஃப்டில் ஒருவன் காலை மிதித்துவிட்டானாம். பக்கத்து வீட்டுக்காரிக்கு இதே ஆபரேஷன் ஆகி மறுநாளே துணி துவைத்தாளாம். அவளுக்குக் காது கேட்டது, மனம் அதில் இல்லை. கண் எரிச்சல் உச்சந்தலைவரை ஏறியது. ஒரு கையில் ஊசிக்குழாய் குத்தியிருந்தது. மறு கை விரல்கள் குளிரில் மடங்காமல் விறைத்திருந்தன. நாக்கைப் பிய்த்து எடுப்பதுபோல் எடுத்து, "அண்ணி... மருந்து" என்றாள்.

"என்னது? எந்த மருந்து? வலிக்குதா?"

"கண்ணுக்கு. உங்க பைல."

நாத்தனார் பையைக் கவிழ்க்காத குறையாகத் துழாவினார். சாவிக்கொத்து, மூக்குக்கண்ணாடி, பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம், கடைசியில் அந்தச் சின்ன வெள்ளைக் குப்பி. அதன் மூடியைத் திருகுவதற்குள் இரண்டு தடவை கீழே போட்டார். "நான் இதெல்லாம் விட்டதே இல்லையே. எத்தனை?"

"கண்ணுக்கு ஒண்ணு."

முதல் சொட்டு மூக்கின் மேல் விழுந்தது. அடுத்தது புருவத்தில். குப்பிக்குப் பின்னால் இருந்த முகத்தை அவள் கீழேயிருந்து பார்த்தாள். ஊருக்கெல்லாம் பெயர் வைக்கிற அந்த வாய் இப்போது இறுக மூடியிருந்தது. மூன்றாம் தடவை நாத்தனார் பொறுமையிழந்து இரண்டு கண்ணிலும் மாறி மாறிக் குப்பியை அமுக்கிவிட்டார். மருந்து இரண்டு கண்ணையும் நிறைத்து, கடைக்கண் வழியாக நெற்றிப்பொட்டில் இறங்கி, காதுக்கும் தலைமுடிக்கும் ஓடியது.

அந்த முகத்தில் தண்ணீர் ஓடி யாரும் பார்த்ததில்லை. ஊற்றியது தானேதான் என்று நாத்தனாருக்குத் தெரியும், குப்பி இன்னும் கையில்தான் இருந்தது. இருந்தும் அவருடைய முகம் மாறியது. பை தோளிலிருந்து நழுவித் தரையில் விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.

"ஏய், அழாதடி" என்றார். "அழாத. ஒண்ணும் ஆகாது. நான் இங்கதானே நிக்கிறேன்."

இத்தனை வருடத்தில் நாத்தனார் அவளை 'டி' போட்டுக் கூப்பிட்டதே இல்லை. உள்ளங்கையால் அவள் காதோரத்தைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க மருந்து மறுபக்கம் வழிந்தது. அது மருந்து அண்ணி, துடைச்சுடாதீங்க என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"பயமா இருக்கு அண்ணி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. நாத்தனார் துடைப்பதை நிறுத்தினார். விறைத்துக் கிடந்த அவளுடைய விரல்களை எடுத்துத் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார்.

"எனக்கும்தான்டி" என்றார். "கீழ அவன்கிட்ட சொல்லிடாத, அங்கேயே படுத்துடுவான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றில் கல் குத்தி, சிரிப்பு பாதியில் நின்றது. பயம் போய்விடவில்லை. அதே இடத்தில்தான் இருந்தது. ஆனால் இப்போது அதை இன்னொருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாத்தனார் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில், "அன்னைக்கு அம்மாவத் தூக்குறப்போ நான் ஒண்ணு சொன்னேனே..." என்று ஆரம்பித்தார்.

கதவு திறந்தது. பச்சை உடுப்பில் இரண்டு பேர் வந்து பிரேக்கை எடுத்தார்கள். "இதுக்கு மேல நீங்க வரக்கூடாதும்மா." விரல்கள் ஒவ்வொன்றாக விடுபட்டன. கண் நிறைய மருந்து இருந்ததால் நாத்தனார் அவளுக்கு உருவமாகத் தெரியவில்லை. கலங்கிய நிறமாகத்தான் தெரிந்தார். அந்த நிறம் கொஞ்ச தூரம் கூடவே வந்து, பிறகு நின்றுவிட்டது.

உள்ளே இன்னும் குளிராக இருந்தது. தலைக்கு மேலே வட்ட வட்டமாக விளக்குகள். களிம்புக் குழாயோடு குனிந்த நர்ஸ் சின்னப் பெண், மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். காதோர முடி நனைந்திருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"அழுதீங்களாம்மா?"

"ஆமா" என்றாள் அவள்.

நர்ஸ் பஞ்சை நனைத்து அவளுடைய உதட்டில் ஒற்றினாள். களிம்பு இமைக்குள் இறங்கியது. ஒரு கண்ணை மூடி ஒட்டினார்கள், பிறகு மற்றதை. காதுமடலின் குழியில் ஒரு சொட்டு இன்னும் தேங்கி நின்றிருந்தது. மூக்கின் மேல் முகமூடி வந்து அமர்ந்தபோது, அது மெல்ல விளிம்பைத் தாண்டி, ஜில்லென்று கழுத்தில் இறங்க ஆரம்பித்தது.