பக்கவாட்டில் காடு

கோழி, மீன், காய்கறி என்று குளிர் அறையில் இருந்ததையெல்லாம் சமையல்காரர் வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். அப்பாவை அதற்குள்தான் கிடத்த வேண்டும். அந்தச் சுற்றுலாப் படகில் வேறு இடம் இல்லை.

காலையில் மேல்தளத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே அப்பா போய்விட்டார். முப்பத்தொரு வருடம் பஸ் ஓட்டியவர். "நேராப் பாத்துப் பாத்தே ஆயுசு போச்சும்மா, இனிமே பக்கவாட்டுலதான்" என்று மூன்று நாளும் ஆற்றங்கரைக் காட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு குரங்கு தெரிந்தால் போதும், முன்பின் தெரியாதவர்களையெல்லாம் கையைப் பிடித்து இழுத்துக் காட்டுவார். மனுஷனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்!

அப்பாவைக் கூட்டி வந்த மகளிடம் கேப்டன் வந்தார்.

"திரும்பினாலும் ரெண்டு நாள், ஆத்துல மேல போனாலும், பயணம் முடியுற ஊருக்கு ரெண்டு நாள்; அங்க விமானம் வரும். நீங்க சொல்றதுதாம்மா."

அண்ணனைக் கேட்காமல் எப்படிச் சொல்வது? "நெஞ்சுல ரெண்டு அடைப்பு இருக்கிறவரக் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறியே, உனக்குப் புத்தி இருக்கா? ஏதாவது ஆச்சு, என் மூஞ்சியில முழிக்காத" என்றவன். அம்மா எப்போதோ போயாயிற்று. இனி அவளுக்கென்று இருப்பவன் அவன் ஒருவன்தான். அவனும் இல்லாமல் போய்விட்டால்?

மரங்கள் விலகி வானம் தெரிந்த இடத்தில் கேப்டன் இன்ஜினை நிறுத்தி, சாட்டிலைட் போனைக் கொடுத்தார்.

"அண்ணா... அப்பா..."

அவ்வளவுதான் வந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! கேட்டியா நீ?"

அவன் திட்டத் திட்ட அவள் வாங்கிக்கொண்டாள். பிறகு அவன் அழுவது கேட்டது. அண்ணன் அழுது அவள் கேட்டதே இல்லை.

"திரும்பிடவாண்ணா?"

அவன் மூக்கைச் சிந்திக்கொண்டான்.

"முழுசாச் சுத்திக் காட்டுறேன்னுதானே கூட்டிட்டுப் போன?"

"ஆமாண்ணா."

"அப்புறம் என்ன பாதியில திரும்புறது? போ. பயணம் முடியுற ஊருக்கு நான் வந்து நிக்கிறேன்."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அது என்ன சத்தம்?"

"பறவைங்கண்ணா."

"இவ்வளவா?"

"நாள் முழுக்க இப்படித்தான்."

"வச்சிடாத. கொஞ்சம் கேக்குறேன்."

அவள் கம்பிக்கு வெளியே கையை நீட்டி, போனைக் காட்டுப் பக்கமாகப் பிடித்தாள். கேப்டன் இன்ஜின் சாவியைத் தொடாமல் நின்றார். கை வலித்தபோது அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டாள்.